கல்லீரல் செல்கள் எப்படி அழிகின்றன?

மஞ்சள் காமாலை வந்தால் கீழாநெல்லி சாப்பிட்டு, பத்தியம் இருந்து, கண் வெளுத்ததும் கடைக்குத் திரும்புவது நம் வணிகர்களின் வழக்கம். குடிநீர், உணவு மூலம் வரும் ஏ, ஈ வகைக் காமாலைகள் பெரும்பாலும் தாமாகவே தீர்ந்துவிடும். ஆனால் ஹெபடைடிஸ் பி, சி என்னும் இரு வைரஸ்கள் மஞ்சளே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் ஈரலில் தங்கிவிடலாம். ஆறு மாதத்திற்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட கல்லீரல் அழற்சி எனப்படும்.

கொல்வது யார்?

இந்த வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் புகுந்து பெருகுகிறது. ஆயினும் செல்லைக் கொல்வது பெரும்பாலும் வைரஸ் அன்று. நம் உடம்பின் காவல் படையான வெள்ளணுக்களே. வைரஸின் துணுக்குகளைச் செல்லின் மேற்பரப்பில் கண்டதும், 'டி' வகை வெள்ளணு அதனோடு ஒட்டிக்கொண்டு இரு வழிகளில் தாக்குகிறது.

1. பெர்ஃபோரின் என்னும் புரதத்தால் துளையிட்டு, கிரான்சைம் என்னும் நொதியை உள்ளே செலுத்துகிறது.

2. செல்லின் மேலுள்ள 'ஃபாஸ்' என்ற புரதத்தைத் தொட்டு, தன்னைத்தானே அழித்துக்கொள்ளச் செய்கிறது.

இரு வழியிலும் செல் சுருங்கித் துண்டுகளாகிறது. இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர். இவ்வாறு செல்கள் சேதமடையும்போது கசியும் நொதியையே எஸ்.ஜி.பி.டி. இரத்தப் பரிசோதனை அளக்கிறது.

நாள்பட்ட நோயில் வைரஸை முற்றிலும் ஒழிக்கும் வலிமை காவல் படைக்கு இல்லை. ஆனால் தாக்குதலும் நிற்பதில்லை. ஈரல் புதிய செல்களை வளர்த்து ஈடுகட்டினாலும், காயம்பட்ட இடங்களில் தழும்பு நார் சேர்கிறது. தினமும் சிறிது சரக்கு கெட்டால் இருப்பு எடுக்கும் நாளில்தானே தெரிகிறது? இதுவும் அப்படியே. இருபது, முப்பது ஆண்டுகளில் சிலருக்கு ஈரல் சுருங்கி இறுகும் சிரோசிஸ் நோயும், புற்றுநோயும் வருகின்றன.

நாம் செய்ய வேண்டியது

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022இல் இந்தியாவில் சுமார் 2.98 கோடிப் பேருக்கு பி வைரஸும், 55 லட்சம் பேருக்கு சி வைரஸும் இருந்தன. ஆகவே உடம்பு நன்றாக இருந்தாலும் ஒருமுறை இரண்டிற்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எஸ்.ஜி.பி.டி. சரியாக இருப்பது மட்டும் போதாது. சி வகையை மூன்று மாத மாத்திரைகளால் பெரும்பாலோருக்குக் குணப்படுத்திவிடலாம். பி வகையை மாத்திரையால் அடக்கி வைக்கலாம். வராமல் தடுக்கத் தடுப்பூசி உண்டு. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

இந்நோய் இரத்தம், சுத்தமற்ற ஊசி, பிறர் பயன்படுத்திய சவரக் கத்தி, உடலுறவு ஆகியவற்றாலும், தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். அரிசி பருப்பை அளந்து கொடுப்பதாலோ, சேர்ந்து உண்பதாலோ பரவாது. கடை ஊழியருக்கு இந்நோய் இருப்பது தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்தாதீர்கள். சிகிச்சைக்குச் செல்ல விடுப்புக் கொடுங்கள்.