பழுது பார்த்தலும் ஓர் ஆய்வே

பழுதுபடாத பொருள் உலகில் இல்லை. குழாய் ஒழுகும், மின்விசிறி தளரும், மிதிவண்டியின் சக்கரம் காற்றிழக்கும், ஒரு மாலைப் பொழுதில் வீடு திடீரென இருளில் மூழ்கும். இவை நேரும்போது நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். பழுது பார்ப்பவர் வரும்வரை காத்திருக்கிறோம். இன்றேல் கைக்குக் கிடைத்ததை வைத்து அப்போதைக்கு ஒப்பேற்றி விடுகிறோம். காத்திருப்பதால் காலமும் பணமும் செலவாகின்றன. ஒப்பேற்றுவதாலோ சில வேளைகளில் உயிரே செலவாகிறது.

‘பழுது பார்த்தல்’ என்னும் தொடரைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பழுது நீக்குதல் என்னாமல் பழுது பார்த்தல் என்றே நம் மக்கள் வழங்குகின்றனர். முதலில் பார்க்க வேண்டும், பிறகே கை வைக்க வேண்டும் என்ற அறிவுரை அச்சொல்லிலேயே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. காரணம் காணாமல் செய்யும் எந்தச் சீரமைப்பும் சீரமைப்பாகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவியாகிய நான், சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுப் பழுதுகளைச் செய்முறைப் பதிவேட்டைப் போலவே ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். நோக்கம், கருவிகள், கண்டவை, முடிவு என்னும் அதே தலைப்புகள்தாம். அவற்றுள் நான்கினை இங்கே காண்போம்.

1. ஒழுகும் குழாய்

குழாய் ஒழுகுகிறது என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எங்கே ஒழுகுகிறது என்பது. இறுக மூடிய பின்னும் வாய் வழியே சொட்டினால், உள்ளிருக்கும் வாஷர் தேய்ந்திருக்கும். திறந்திருக்கும்போது திருகும் தண்டின் ஓரத்தில் கசிந்தால், தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு நைந்திருக்கும். முன்னதற்குப் புது வாஷர் வேண்டும். பின்னதற்குத் தண்டைச் சுற்றியுள்ள நட்டைச் சிறிது இறுக்கினாலே பெரும்பாலும் போதும். காரணம் அறியாதவர் குழாயையே கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்குவார். எதைச் செய்வதாயினும், தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடிவிட்டே தொடங்க வேண்டும்.

சொட்டுத்தானே என்று சிலர் கருதலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். ஏறத்தாழ 20 சொட்டுகள் ஒரு மில்லி லிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள், அதாவது 4.3 லிட்டர். முப்பது நாளில் சுமார் 130 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் எட்டுக் குடங்களுக்கு மேல்! 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை மக்கள் குடங்களுடன் தண்ணீர் லாரிக்காகக் காத்து நின்றதை நினைப்பவர்க்கு இந்தக் கணக்கு சிறிதாகத் தோன்றாது.

2. காற்றிழந்த மிதிவண்டி

காற்றடைத்த டயருக்கு 1888-இல் காப்புரிமை பெற்ற ஜான் பாய்டு டன்லப் பொறியாளர் அல்லர்; கால்நடை மருத்துவர். தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகவே அம்முயற்சியில் இறங்கினார். வீட்டு வேலை உலகுக்குப் பயன்பட்டதற்கு இதுவும் ஒரு சான்று.

காற்று இறங்கினால் முதலில் வால்வு ரப்பரைப் பார்க்க வேண்டும். அது நன்றாயிருந்தால், டியூபை நீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்விடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனைத் தடவி, ஈரம் உலரும்வரை பொறுத்திருந்து ஒட்டை அழுத்த வேண்டும். இத்துடன் வேலை முடிந்துவிடவில்லை. டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்து வந்தால், முள் இருக்குமிடத்தில் துணி சிக்கும். துளை டியூபின் உட்பக்கம் இருந்தால், பகை சாலையில் இல்லை. ரிம்மில் துருத்தி நிற்கும் கம்பியின் முனையில் இருக்கிறது. முள்ளை எடுக்காமல் ஒட்டுப் போட்டவர் அடுத்த தெருவிலேயே இறங்கி வண்டியைத் தள்ள நேரும்.

3. தளர்ந்த மின்விசிறி

வீட்டிலுள்ள எல்லா விசிறிகளும் ஒருசேரத் தளர்ந்தால் குறை விசிறியில் இருக்காது. வரும் மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து குறைந்திருக்கும். ஒன்று மட்டும் தளர்ந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். கடினமாகச் சுழன்றால் பேரிங் கெட்டிருக்கலாம். எளிதாகச் சுழன்றும், மின்சாரம் தந்தால் உறுமிக்கொண்டு நின்று, தள்ளிவிட்டால் மட்டும் ஓடினால், ஐயம் கண்டன்சர் மீதே விழ வேண்டும்.

ஏன்? ஒரு கட்ட மின்னோட்டம் தனித்து நின்று சுழல் காந்தப்புலத்தை உண்டாக்காது. இரண்டாம் சுருளில் பாயும் மின்னோட்டத்தின் கட்டத்தை மாற்றித் தந்து சுழற்சியைத் தொடங்கி வைப்பது இந்த மின்தேக்கியே. பல கூரை விசிறிகளில் அதன் அளவு 2.5 மைக்ரோ பாரடு. காலப்போக்கில் அளவு குறையக் குறைய விசிறி வலுவிழக்கிறது. அதே அளவுள்ளதையே மாற்ற வேண்டும். மெயினை நிறுத்திய பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், அதனை இறக்கிய பிறகே தொட வேண்டும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய பி.எல்.டி.சி. விசிறிகளுக்கு இவ்விளக்கம் பொருந்தாது. அவற்றை இயக்குவது மின்னணுச் சுற்று.

4. எரிந்த பியூஸ்

நான்கினுள் முதன்மையானது இதுவே. மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும் என்னும் ஜூல் விதியைத் தேர்வுக்காகப் படிக்கிறோம். பியூஸ் கம்பி அந்த விதிக்குக் கட்டுப்பட்டு, தான் உருகி வீட்டைக் காக்கிறது. மெலிந்திருப்பதே அதன் கடமை. அடிக்கடி எரிகிறதே என்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றினால் என்னவாகும்? அது உருகாது, சுவருக்குள் ஓடும் கம்பி கொதிக்கும்.

நாங்கள் வாடகைக்குக் குடிபுகுந்த வீட்டின் பியூஸ் கட்டையில் மூன்று செம்பு இழைகள் முறுக்கிச் சுற்றப்பட்டிருந்தன. முன்பு இருந்தவர் இருளுக்கு அஞ்சினார் போலும், நெருப்பை எண்ணவில்லை. உரிமம் பெற்ற மின் பணியாளரை அழைத்தோம். பார்த்தவள் நான்; மாற்றியவர் அவர். எதில் கை வைக்கக் கூடாது என்பதையும் காரணமே நமக்குக் கற்பிக்கிறது.

எம்.சி.பி. உள்ள வீடுகளில் அது விழும்போதெல்லாம் தூக்கிவிடுவதும் அதே பிழைதான். எல்லாச் சாதனங்களையும் நிறுத்திவிட்டு அதைத் தூக்கி, ஒவ்வொன்றாக இயக்க வேண்டும். எதை இயக்கும்போது விழுகிறதோ, அதில் பழுதைத் தேடலாம். எதையும் இயக்காதபோதே விழுந்தால் பணியாளரை அழைப்பதே அறிவுடைமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 6 ஆம்பியர் எம்.சி.பி. மனிதரைக் காக்கும் என்று நம்புவது தவறு. மனித உயிரைக் காப்பதற்காக அமைந்த ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறு ஆம்பியர் அதைப்போல் 200 மடங்கு! ஈரக்கையுடன் கிரைண்டரைத் தொடும் தாய்மார்கள் வாழும் வீடுகளில் இக்கருவி இருக்கிறதா என்று, இக்கட்டுரையைப் படித்தவர்கள் இன்றே பார்ப்பார்களாக.

முடிவு

இவற்றை அறிவதால் தொழிலாளரின் தேவை குறைந்துவிடாது. அவர்தம் திறமையின் அருமைதான் நமக்குப் புலப்படும். இவை ஆண்களின் வேலை என்று ஒதுங்கும் மாணவியரிடம் ஒன்று சொல்வேன்: மின்சாரம் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. ஆசிரியப் பெருமக்களிடமும் ஒரு வேண்டுகோள். நம் ஆய்வகத்தில் பழுதான மின்விசிறி ஒன்றையும், ஒழுகும் குழாய் ஒன்றையும் வைத்து, “காரணம் காண்க” என்று ஒரு செய்முறை வகுப்பு நடத்தலாகாதா?

அதுவரை, வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பழுது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கருவியை எடுக்குமுன் நோட்டை எடுங்கள். கண்டதை எழுதுங்கள், காரணத்தை எழுதுங்கள், அதன் பிறகு திருப்புளியைத் தேடுங்கள்.