நாலு ஃபோல்டரும் ஒரு கொல்லிமலையும்



ப்ராஜெக்ட்டில் களப்பணி முடிந்தவுடனே பாதிப் பாரம் இறங்கின மாதிரி நினைக்கிறோம். ஆனால் சேகரித்த தகவல் தொலைவது பெரும்பாலும் மலையில் அல்ல. லேபில், நாலு பேருடைய ஃபோல்டர்களை ஒன்றாக்கும்போதுதான்.

ஒரு உதாரணம். சிவில் மாணவர் நால்வர் காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஆய்வு செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் தாங்கு சுவர், ஒருவர் வடிகால், ஒருவர் தடுப்புச் சுவர், ஒருவர் தார்த்தளம். வளைவுக்கு ஒன்றாக ஆளுக்கு 70 படம், மொத்தம் 280. நாலு கேமராவும் 0001 என்றே எண்ணத் தொடங்கியிருக்கும். நாலையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, கம்ப்யூட்டர் கேட்கும்போதெல்லாம் ‘ரீப்ளேஸ்’ கொடுத்தால் மிஞ்சுவது 70 படம்தான். போன 210-ம் ரீசைக்கிள் பின்னிலும் இருக்காது. மழையில் கண்ட விரிசலைப் பூசி மூடிய பிறகு, திரும்பப் போய்ப் படம் எடுக்க முடியுமா?

ஏன் இப்படி?

ஃபோல்டர் என்பது பெட்டி அல்ல, ஒரு பதிவேடு. டாஸ் காலத்தில் இதையே டைரக்டரி என்றோம். எந்தப் பெயருள்ள ஃபைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். ஒரு பதிவேட்டில் ஒரு பெயர் ஒரு தடவைதான் வரலாம். ஆகவே ஃபோல்டர்களை இணைப்பது பல பதிவேடுகளை ஒன்றில் எழுதுவதுதான். ஒரே பெயர் மோதும் இடத்தில்தான் சிக்கல்.

ஒவ்வொரு சிஸ்டமும் ஒவ்வொரு விதம். விண்டோஸில் ஒரே பெயருள்ள ஃபோல்டர்கள் கலந்துவிடும். ஃபைல் மோதினால் கேட்கும். மேக்கில் ஃபோல்டருக்கு ‘ரீப்ளேஸ்’ கொடுத்தால் பழைய ஃபோல்டரே முழுசாகப் போய்விடும். லினக்ஸில் ‘எம்வி’ கட்டளை, அதே பெயரில் காலியாக இல்லாத ஃபோல்டர் இருந்தால் மறுத்துவிடும். ‘சிபி’ கட்டளையோ சாதாரணமாகக் கேட்காமலே மேலெழுதிவிடும்.

செய்யும் முறை

1. ‘கட்’ வேண்டாம், ‘காப்பி’ போதும். எல்லாம் சரிபார்க்கும் வரை மூல ஃபோல்டர்களைத் தொடாதீர்கள்.

2. இணைக்கும் முன்பே பெயர் மாற்றுங்கள்: வேலை, வளைவு எண், தேதி. வளைவு எண் 01 முதல் 70 வரை இரண்டு இலக்கமாக இருக்கட்டும். வெறும் 2 என்று எழுதினால் பல சிஸ்டங்களில் 10-க்கு அப்புறம்தான் 2 வரும்.

3. பெயர் மோதினால் ‘ஸ்கிப்’ அல்லது இரண்டையும் வைத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தெடுங்கள். ‘ஸ்கிப்’ செய்தவற்றைப் பிறகு தனியாகப் பாருங்கள்.

4. எண்ணிப் பாருங்கள். முன்பு 280 என்றால் பின்பும் 280. எண்ணிக்கையோடு மொத்த பைட் அளவும் ஒத்துப்போக வேண்டும்.

5. ‘இது டூப்ளிகேட்தானே’ என்று அளவை மட்டும் பாத்து அழிக்காதீங்க. விண்டோஸில் ‘செர்ட்யூட்டில்’ கட்டளையால் ஹேஷ் எண் எடுத்து ஒப்பிடுங்கள். அது ஒத்தால்தான் உள்ளடக்கமும் ஒன்று.

தமிழ்ப் பெயரில் ஒரு பொறி

‘கொல்லிமலை’ என்றே இரண்டு ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்; ஒன்று சேராது. கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா? இல்லை. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ‘கொ’தான். விண்டோஸும் லினக்ஸும் பொதுவாக அவற்றை வெவ்வேறு பெயராகவே எடுத்துக்கொள்ளும். ஒன்றின் பெயரை காப்பி செய்து மற்றதில் ஒட்டினால் சரியாகிவிடும்.

கடைசியாக ஒன்று. பெயர் வேறாக இருந்தாலும் பொருள் ஒன்றாக இருக்கலாம். நாமக்கல் மாவட்டம் 1997 ஜனவரி 1-ல் சேலத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய கொல்லிமலை வரைபடங்கள் ‘சேலம்’ ஃபோல்டரில் இருக்கும். அதைச் சேர்க்கச் சொல்லி எந்தக் கம்ப்யூட்டரும் ஞாபகப்படுத்தாது. நாம்தான் தேடிச் சேர்க்க வேண்டும். ஆகவே ஃபோல்டர்களை இணைக்கும்போது குழுவில் எல்லாரும் கூட உட்காருங்கள். அரை மணி நேர வேலை; ஒரு பருவத்து உழைப்பு மிஞ்சும்.