எழுதாமல் விட்ட ஷரத்து: இளம் ஆடிட்டருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நிலம் வாங்கி விற்க, நான்கு நண்பர்களுக்காக நீ தயாரித்த எல்.எல்.பி. ஒப்பந்த வரைவைப் படித்தேன். கூட்டாண்மையா, எல்.எல்.பி.யா, பிரைவேட் லிமிடெட்டா என்ற அரிச்சுவடியை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னை உறுத்துவது, நீ எழுதாமல் விட்ட ஒரு ஷரத்து.

வரிக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறாய். பங்குதாரர் ஒருவர் இறந்துபோனால் என்ன என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருப்பாய். எப்படிப் பார்த்துக்கொள்ளும் தெரியுமா? 2008ஆம் ஆண்டு எல்.எல்.பி. சட்டத்தின் 24ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாதவரை, வாரிசுக்குக் கிடைப்பது இறந்தவர் போட்ட முதலும், அன்றுவரை சேர்ந்த லாபத்தில் அவர் பங்கும்தான். ஆளுக்கு 25 லட்சம் போட்டு ஒரு கோடிக்கு நிலம் வாங்குகிறார்கள். சில வருடங்களில் அது மூன்று கோடி பெறுகிறது என்று வை. விற்காத நிலம் கணக்கில் வாங்கிய விலையிலேயே நிற்கும், லாபம் சேர்ந்திருக்காது. இறந்தவர் மனைவி கையில் 25 லட்சத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட மற்ற மூவருக்கும் நீயே வழி விட்டிருக்கிறாய்.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் எல்லாம் கூட்டாண்மைதான். 1932ஆம் ஆண்டுச் சட்டத்தில், வேறு ஏற்பாடு இல்லையென்றால், ஒருவர் இறந்ததும் நிறுவனமே கலைந்துவிடும். அப்படி நிலம் வாங்கிய மூன்று பேரில் ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்த கையோடு அவர் மனைவி, வேறெங்கோ எழுதிய பத்திரத்தோடு என்னிடம் வந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டி, கணவரின் கையெழுத்தின் மேல் விரலை வைத்து, "இதுல எங்களுக்கு எவ்வளவுன்னு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார். எழுதியிருக்கவில்லை. நிலம் விற்க முடியாமல் வருடக்கணக்கில் கிடந்தது. அன்று முதல் எந்த வரைவு வந்தாலும் நான் முதலில் தேடுவது மரண ஷரத்தைத்தான்.

இன்னொன்று. விலகுகிறவருக்கு 'பரஸ்பர சம்மதத்தின் பேரில் சந்தை மதிப்பு' என்று எழுதியிருக்கிறாய். சம்மதம் இருந்தால் ஒப்பந்தம் எதற்கு? மதிப்பை யார் போடுவது? பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரா, இருவரின் சராசரியா? எத்தனை மாதத்தில் பணம்? பணம் புரளாவிட்டால் நிலத்தை விற்றே ஆக வேண்டும் என்று கெடு உண்டா? அரசின் வழிகாட்டி மதிப்பை எழுதி முடித்துவிடாதே.

துபாயில் இருக்கும் மைத்துனர் ஒருவரையும் சேர்க்கச் சொல்லி அந்த நண்பர்கள் நெருக்கியும் நீ மறுத்ததை உன் முன்குறிப்பில் படித்தேன். நிலம் வாங்கி விற்கும் தொழிலில் வெளிநாடுவாழ் இந்தியர் பங்குதாரராக முதலீடு செய்ய அந்நியச் செலாவணி விதிகள் இடம் கொடுப்பதில்லை. இதைக் கவனிக்காமல் கையெழுத்து வாங்கும் சீனியர்களே உண்டு. உன் வயதில் இப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததில்லை. அபாரம், தம்பி.

நிறுவனம் பதிவான நாளிலிருந்து ஒப்பந்தத்தைப் படிவம் 3இல் தாக்கல் செய்ய 30 நாள் இருக்கிறது. அதற்குள் நால்வரையும், முடிந்தால் அவர்கள் வீட்டாரையும் உட்காரவைத்து, இந்த இரண்டு ஷரத்துகளையும் உரக்கப் படித்துக் காட்டு. இப்போது எல்லாரும் நண்பர்கள். பிரியும் விலையைப் பேச இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

அன்புடன்,
உன் மூத்த ஆடிட்டர்