டீசல் வந்தது, மண்ணெண்ணெய் ஏன் வரவில்லை?

2022 இல் நான் தரம் 9 இல் படித்துக்கொண்டிருந்தேன். நிந்தவூர்க் கடற்கரையில் தோணிகள் நாட்கணக்கில் கரையில் கிடந்தன. என் மாமா வெறும் கேனோடு சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வரிசைக்குப் போவார். டீசல் கப்பல் வந்ததாகச் செய்தி சொன்ன நாளிலும் கேன் வெறுமையாகவே திரும்பியது. "டீசல் வருது எண்டா மண்ணெண்ணெய் ஏன் வருதில்ல?" என்று அவர் கேட்டார். வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. உயர்தர வகுப்பில் அற்கேன்களைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

மசகு எண்ணெய் தனிப்பொருள் அல்ல; பல ஐதரோகாபன்களின் கலவை. அவற்றுள் அற்கேன்கள் முக்கியமானவை. அற்கேனில் காபன் அணுக்களின் எண்ணிக்கையை இரட்டித்து இரண்டைக் கூட்டினால் ஐதரசன் அணுக்களின் எண்ணிக்கை கிடைக்கும். மூலக்கூறுகளைச் சேர்த்து வைத்திருப்பவை இலண்டன் விசைகள் மட்டுமே. சங்கிலி நீண்டால் தொடுகைப் பரப்புக் கூடும், விசை கூடும், கொதிநிலையும் கூடும். மெதேன் -162 பாகை செல்சியசில் கொதிக்கிறது. எட்டுக் காபன் கொண்ட ஒக்ரேனுக்கோ 126 பாகை தேவை. வடிவமும் முக்கியம். ஐந்து காபன்களும் நேர்ச்சங்கிலியாக உள்ள பென்ரேன் 36 பாகையில் கொதிக்கும். அதே ஐந்து காபன்கள் கிளைத்து உருண்டையான நியோபென்ரேனாக இருந்தால் 10 பாகையைக்கூட எட்டாது. நம் ஊர் வெயிலில் ஒன்று திரவம், மற்றது வாயு!

இந்த வேறுபாட்டை வைத்துத்தான் சுத்திகரிப்பு ஆலை வேலை செய்கிறது. மசகு எண்ணெயை ஏறத்தாழ 350 பாகைக்குச் சூடாக்கி உயர்ந்த கோபுரத்துக்குள் விடுவார்கள். கோபுரத்தின் அடி சூடு, உச்சி குளிர். ஆவி மேலே ஏற ஏற, ஒவ்வொரு பகுதியும் தன் கொதிநிலைக்கேற்ற தட்டில் ஒடுங்கும். உச்சியில் வாயுவும் பெற்றோலுக்கான பகுதியும், கீழே டீசல், அடியில் உலை எண்ணெயும் தாரும். பெற்றோலுக்கும் டீசலுக்கும் நடுவில் வருவது மண்ணெண்ணெய். விமான எரிபொருளும் அதே பகுதிதான். ஒரு பீப்பாயில் மண்ணெண்ணெயை மட்டும் எடுப்போம் என்று யாரும் சொல்ல முடியாது. மற்றவையும் கூடவே வரும்.

நம் நாட்டில் இந்தக் கோபுரம் இருப்பது சப்புகஸ்கந்தையில். 1969 இல் தொடங்கிய அந்த ஒரேயொரு ஆலை நாளொன்றுக்கு ஏறத்தாழ 50,000 பீப்பாய் சுத்திகரிக்கக்கூடியது. டொலர் இல்லாமல் மசகு எண்ணெய் வாங்க முடியாது போகவே, 2021 நவம்பரில் ஒருமுறையும் 2022 மார்ச்சில் மறுமுறையும் அது மூடப்பட்டது. டீசலும் பெற்றோலும் சுத்திகரித்த நிலையிலேயே கப்பலில் வரும். மண்ணெண்ணெயோ பெரும்பாலும் சப்புகஸ்கந்தையில் வடிப்பது. கோபுரம் நின்றதும் அதுவும் நின்றது. மாமாவின் கேள்விக்கு விடை இதுதான். மே இறுதியில் ரஷ்ய மசகு எண்ணெய் வந்த பிறகே ஆலை மீண்டும் இயங்கியது. ஆகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப எங்கட எஞ்சினைப் பெற்றோல்ல ஸ்டார்ட் பண்ணிட்டு, சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது ஏன் எண்டு சொல்லு பாப்பம்" என்றார். குறுகிய சங்கிலிகள் குளிர்ந்த எஞ்சினிலும் ஆவியாகும், நீண்டவற்றுக்குச் சூடு வேண்டும் என்றேன். "இத நாங்க படிக்காமலே செய்றம்" என்று சொல்லிச் சிரித்தார்.