சைனஸில் ஒரு வட்ட நிழல்

நாட்றாம்பாளையத்திலிருந்து ஒருவர் கடைவாய்ப் பல்வலிக்காக அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியே ஓசூர் வந்து சேருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ் கதிர்ப் படத்தில் சொத்தைப் பல் தெரிகிறது. அதற்கு மேலே, பாதி எழுந்த நிலாவைப் போல ஒரு வட்ட நிழலும் தெரிகிறது. "சைனஸில் கட்டி" என்றதும் பல்வலி மறந்துபோகும். புற்றுநோயோ என்ற அச்சம் பற்றிக்கொள்ளும். மாணவர்களே, அந்த அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. ஏன் என்று பார்ப்போம்.

முக எலும்புகளுக்குள் காற்று நிறைந்த அறைகள் நான்கு இணைகள் உள்ளன. அவையே சைனஸ்கள். மேல்தாடை எலும்பில் இருப்பது அவற்றுள் பெரியது. 1651இல் நதானியேல் ஹைமோர் என்ற ஆங்கில மருத்துவர் அதை விரிவாக விவரித்தார். அறையின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள சவ்வில் சளிச் சுரப்பிகளும் நுண்ணிய மயிரிழைகளும் உண்டு. விந்தை என்னவென்றால், அறையின் வாயில் தரையில் இல்லை. கூரைக்கு அருகில் இருக்கிறது! மயிரிழைகள் துடுப்புப் போடுவதுபோல அசைந்து சளியை மேல்நோக்கித் தள்ளுகின்றன. நம் கொத்தனார் இப்படிச் சாக்கடை வைத்தால் சும்மா விடுவோமா?

சுரப்பி ஒன்றின் நுண்குழாய் அடைபட்டால், சளி சவ்வுக்குள் தேங்கி நீர்க்கட்டியாகிறது. படத்தில் அது வழவழப்பான கவிகைபோல் தரையிலிருந்து எழும். அதன்மேல் காற்று இருக்கும். எலும்பு அப்படியே இருக்கும். தொல்லை தராதவரை இதற்குச் சிகிச்சையே வேண்டாம். சில தாமே மறைந்துவிடும். தலைவலியை எல்லாம் இதன் தலையில் கட்டுவது சரியன்று.

கவிகையின்மேல் மெல்லிய வெள்ளை எலும்புக் கோடு தெரிந்தாலோ, கட்டி பல்வேரிலிருந்து கிளம்பி சைனஸின் தரையை மேலே தூக்கியிருக்கலாம். அப்போது கவனிக்க வேண்டியது பல்லை.

சுரப்பிக்குப் பதிலாக அறையின் வாயிலே அடைபட்டால் கதை வேறு. அறை முழுதும் சளி நிரம்பி, மெல்ல மெல்ல எலும்பைத் தேய்த்து வெளியே தள்ளும். இதுவே மியூக்கோசீல் என்னும் சளிப்பை. நெற்றிச் சைனஸில் இது மிகுதி. அங்கே வந்தால் கண் கீழேயும் வெளியேயும் தள்ளப்பட்டு, ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். இதுவும் புற்றுநோய் அன்று. ஆனால் காலம் தாழ்த்தலாகாது. கன்னம் வீங்குதல், மரத்துப்போதல், ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்பும் இரத்தமும் வருதல் ஆகியவையும் உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. எலும்பின் நிலையைத் துல்லியமாகக் காட்டுவது சி.டி. ஸ்கேன். 1971இல் இலண்டனில் முதல் நோயாளியின் தலையை அது படம் பிடித்தது.

முன்பெல்லாம் மேலுதட்டின் உட்புறம் கீறி, எலும்பில் துளையிட்டு, மூக்கின் அடிப்பகுதியில் புது வாயில் அமைப்பார்கள். 1893இல் அமெரிக்காவின் கால்டுவெல்லும் 1897இல் பிரான்சின் லுக்கும் வெளியிட்ட முறை அது. ஆனால் மயிரிழைகள் புது வாயிலைச் சட்டை செய்யாமல் பழைய வாயிலுக்கே சளியை அனுப்பும்! ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர மருத்துவர் மெஸ்ஸர்கிளிங்கர் அந்தச் சளி செல்லும் பாதையை ஆராய்ந்து காட்டினார். எனவே இன்று பென்சிலைவிட மெல்லிய எண்டோஸ்கோப்பை மூக்கின் வழியே செலுத்தி, இயற்கை வாயிலையே அகலப்படுத்துகிறார்கள். சளிப்பையை முழுவதும் உரித்தெடுக்க வேண்டியதில்லை. அதன் சுவரை மூக்கினுள் அகலத் திறந்துவிட்டால் சளி தானே வடியும். ஐயத்துக்கு இடமிருந்தால், வெட்டியெடுத்த துண்டை நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்துகொள்வார்கள்.