முகத்தின் நிறங்கள்

நுழையும்முன்

முகம் ஒன்றைத் தீட்ட அமரும் மாணவர் பலர் முதலில் தேடுவது ‘தோல் நிறம்’ என்னும் வண்ணத்தை. வண்ணப்பெட்டிகளில் நெடுங்காலம் அப்பெயர் தாங்கியிருந்தது வெளிர் இளஞ்சிவப்பு. கடலிலும் உப்பளத்திலும் உழைக்கும் தூத்துக்குடி மக்களின் முகங்கள் அந்த ஒற்றை வண்ணத்துள் அடங்குமா? மரபுமீறிய நிறங்களால் முகம் தீட்டும் கலையை இப்பாடம் விளக்குகிறது.

உப்பளத்து ஒளி

உச்சிவெயிலில் உப்பளப் பாத்தியில் நிற்பவரின் முகத்தை உற்றுநோக்கினால் ஒரு வியப்புப் புலப்படும். பிற இடங்களில் ஒளி மேலிருந்து விழுவதால், தாடையின் கீழ்ப்பகுதி இருண்டிருக்கும். உப்பளத்திலோ வெண்மையான உப்பும் பாத்தி நீரும் ஒளியை எதிரொளிக்கின்றன. ஆகவே, தாடையின் அடியிலும் ஒளி படர்கிறது. நெற்றியில் வெயிலின் மஞ்சள், கன்னத்தின் நிழற்பக்கத்தில் வானின் நீலம், கண்குழியில் ஊதா. கறுத்த தோல் என்று ஒரே சொல்லில் நாம் கடந்துபோகும் முகத்தில் இத்தனை நிறங்கள் உள்ளன. பழுப்பு வண்ணம் ஒன்றை மட்டும் முகமெங்கும் பூசுபவர், தாம் அறிந்ததைத் தீட்டுகிறார், கண்டதைத் தீட்டவில்லை.

பச்சை முகமும் நீல முகமும்

இயல்பில் இல்லாத நிறத்தை முகத்திற்கு ஏற்றுவது தமிழர்க்குப் புதிதன்று. மதுரை மீனாட்சியைப் பச்சை நிறத்தாளாகவும் திருமாலை நீல நிறத்தானாகவும் கண்டு வழிபட்ட மக்கள் இவர்கள். கதகளிக் கலையில் பச்சை முகம் உயர்குணத்தைக் குறிக்கிறது. இங்கெல்லாம் நிறம் தோலைச் சுட்டவில்லை, குணத்தைச் சுட்டுகிறது.

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) இம்மரபைத் தமிழகத்தின் வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தவர். நாடகத் திரைச்சீலைகளைத் தீட்டிய அனுபவம் உடைய அவர், தெய்வ உருவங்களை ஓவியமாக்கினார். அவை சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாக அச்சாகி ஊர்தோறும் சுவர்களை அணிசெய்தன. நீலநிறக் கண்ணனின் முகத்தை நாள்தோறும் கண்ட எவரும் அதனை விந்தையாகக் கருதியதில்லை.

மேலைநாட்டிலோ இத்தகைய முயற்சி பெரும் சலசலப்பை எழுப்பியது. 1905ஆம் ஆண்டு பாரிசில் நடைபெற்ற இலையுதிர்காலக் கண்காட்சியில், ஹென்றி மத்தீசும் அவருடைய நண்பர்களும் கட்டற்ற நிறங்களில் தீட்டிய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தனர். திறனாய்வாளர் ஒருவர் அவர்களைக் ‘காட்டு விலங்குகள்’ என்றார். அவ்வேளனச் சொல்லே பின்னாளில் அவ்வியக்கத்தின் பெயராயிற்று. அதே ஆண்டில் மத்தீசு தம் மனைவியின் முகத்தின் நடுவே பச்சைக் கோடு ஒன்றைத் தீட்டினார். அக்கோடு முகத்தின் ஒளிப்பக்கத்தையும் நிழற்பக்கத்தையும் பிரிக்கும் எல்லையாக நின்றது.

முத்தும் நீர்வண்ணமும்

கொற்கை முத்தால் புகழ்பெற்றது இக்கடற்கரை. 1961ஆம் ஆண்டிற்குப் பின் இங்கு முத்துக்குளிப்பு நிகழவில்லை. எனினும், முத்து கற்பிக்கும் பாடம் மறையவில்லை. சிப்பி, தன்னுள் புகுந்த அயற்பொருளின்மீது மிக மெல்லிய படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுரக்கிறது. ஒளி அப்படலங்களினூடே சென்று திரும்புகையில் முத்தில் இளஞ்சிவப்பும் பச்சையும் நீலமும் மின்னுகின்றன.

நீர்வண்ணமும் இவ்வாறே இயங்குகிறது. ஒளி மெல்லிய வண்ணப் படலத்தை ஊடுருவி, வெண்தாளில் பட்டுத் திரும்புகிறது. எனவே, தாளின் வெண்மையே ஓவியத்தின் விளக்கு. தடித்துப் பூசினால் அவ்விளக்கு அணைந்துவிடும்.

பயிலும் முறை

நிறத்தைத் துணிந்து மாற்றலாம். ஒளி–நிழல் அளவை மாற்றலாகாது. இதுவே இக்கலையின் அடிப்படை விதி. நிழல் விழும் இடம் பச்சையாக இருக்கலாம், ஊதாவாகவும் இருக்கலாம். ஆனால், அது ஒளிபடும் இடத்தைவிட இருண்டிருத்தல் வேண்டும். இவ்விதி காக்கப்பட்டால், நீலநிற முகத்திலும் பாட்டியை அடையாளம் காணலாம்.

முதலில் பென்சிலால் மெல்லிய கோட்டுருவம் வரைதல் வேண்டும். பின்னர்க் கண்களைப் பாதி மூடிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து, ஒளி, இடைநிழல், அடர்நிழல் என்னும் மூன்று பகுதிகள் தெளியும். மிகுந்த ஒளி விழும் இடத்தைத் தீட்டாமல் விட்டுவிடுதல் நன்று. மஞ்சளை எவ்வளவு அடர்த்தியாகப் பூசினும் அது இருளாவதில்லை. ஆதலால் அது ஒளிப்பகுதிக்கு ஏற்றது. அடர்நீலமும் ஊதாவும் நிழலுக்குரியவை. இடைநிழலில் செம்மஞ்சளோ பச்சையோ அமையலாம்.

ஈரத்தாளில் வண்ணத்தைத் தொட்டுவைத்தால் விளிம்பின்றிப் பரவும். அது கன்னத்திற்குப் பொருந்தும். உலர்ந்த தாளில் தீட்டினால் விளிம்பு கூர்மையாகும். அது இமைக்கும் உதட்டிற்கும் பொருந்தும். ஒரு படலம் முழுதும் உலர்ந்த பின்னரே அடுத்ததைப் பூச வேண்டும். இல்லையேல் நிறங்கள் கலங்கிச் சேறாகும். நீர்வண்ணம் உலரும்போது வெளிறும் என்பதால், தொடக்கத்தில் சற்று அடர்த்தியாகவே தீட்டலாம். முடிந்த ஓவியத்தைக் கைப்பேசியில் கறுப்பு–வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தால், ஒளி–நிழல் பிழைகள் உடனே தெரியும்.

காணக் கற்றல்

நிறத்தைக் கொண்டு மனிதரைத் தரம்பிரிக்கும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. கறுப்பு குறையன்று என்று ஆயிரம் முறை சொல்வதினும், கறுத்த முகம் ஒன்றை ஒருமணி நேரம் உற்றுநோக்கித் தீட்டுவது ஆழமாக உணர்த்தும். அம்முகத்தில் கடலையும் வெயிலையும் உப்பின் வெண்மையையும் கண்டறிந்த கண், பின்னர் எந்த முகத்தையும் ஒற்றை நிறத்தால் அளவிடாது. வண்ணம் கைக்குப் பழகுமுன் பார்வை பழக வேண்டும். அப்பார்வையே இக்கலை தரும் முதற்பயன்.

கற்பவை கற்றபின்

1. உம் வீட்டு மூத்தோர் ஒருவரின் முகத்தைக் காலையிலும் மாலையிலும் உற்றுநோக்கி, அதில் காணும் நிறங்களைப் பட்டியலிடுக.
2. ‘தோல் நிறம்’ என்னும் பெயர் பொருத்தமானதா? வகுப்பறையில் கலந்துரையாடுக.