வெற்றிடத்துக்கும் காசு கட்ட வேண்டும்



கண்டி வீதியில் வரக்காப்பொலயைக் கடப்பவர்கள் தலகுலி வாங்காமல் போவது குறைவு. எள்ளும் கருப்பட்டியும் சேர்ந்த அந்த உருண்டையைக் கட்டாரிலும் சவூதியிலும் உள்ள பிள்ளைகளுக்கு அனுப்பித் தரும்படி என் கடையிலும் கேட்கிறார்கள்.

கூரியர் நிறுவனங்கள் பல பொதியின் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். அந்த விடை, தராசு காட்டும் நிறை, இரண்டில் கூடியதற்கே கட்டணம். 3 கிலோ தலகுலியை 40×40×30 பெட்டியில் போட்டால் 9.6 கிலோவுக்குக் கட்ட வேண்டும். 30×30×25 பெட்டி என்றால் 4.5 கிலோதான். பெரிய பெட்டியில் சாமான் உருண்டு நசுங்கவும் செய்யும்.

நான் கட்டும் முறை இது: உருண்டைகளை எண்ணெய்க் கடதாசியில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் அடைப்பேன். கருப்பட்டி ஈரத்தை இழுக்கும். டப்பாவைச் சுற்றி எல்லாப் பக்கமும் 2 அங்குலத்துக்குக் கசக்கிய கடதாசி. பெட்டியின் மேலும் கீழும் நடு மூட்டிலும் இரு ஓரங்களிலும் டேப். பிறகு குலுக்கிப் பார்ப்பேன்; சத்தம் கேட்டால் பிரித்து மீண்டும் கட்டுவேன்.

சுங்கப் படிவத்தில் ‘சாமான்’ என்று எழுதாதீர்கள். ‘எள், கருப்பட்டி இனிப்பு, 3 கிலோ’ என்று உண்மையான பெறுமதியுடன் எழுதுங்கள்.

விலை சொல்லும் முன் பெட்டியை அளந்துவிடுங்கள். சொன்ன விலைக்கு மேல் வரும் கட்டணம் நம் இலாபத்திலிருந்துதான் போகும்.